கத்தியின் அடியில் இரண்டெழுத்து

எங்கள் குசினியில் பெயர் வெட்டாத பாத்திரம் ஒன்றுகூட இல்லை. மன்னாரிலிருந்து என்னோடு வந்த மூன்று சில்வர் சட்டிகளிலும் அம்மாவின் பெயருக்குரிய இரண்டு ஆங்கில எழுத்துகள் புள்ளி புள்ளியாய்க் குத்தப்பட்டிருக்கின்றன. கலியாணத்துக்கு வந்த தட்டத்தில் தந்தவரின் பெயரும் ஊரும் இருக்கும். அந்தச் சட்டியைச் செய்தவர் யார் என்று எங்களில் ஒருவரும் ஒருநாளும் கேட்டதில்லை. பொருளில் எழுத்து இருந்தால் அது உடைமைக்காரரின் எழுத்து. கோயில் திருநாள் சமையலுக்குப் போன சட்டி எந்த வீட்டுக்குத் திரும்பவேண்டும் என்று சொல்லும் எழுத்து. உலகம் முழுவதும் இப்படித்தான் என்று நான் பாட்டுக்கு நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த நினைப்பால் ஒரு நல்ல மனிதருக்கு நான் செய்த அநியாயத்தைத்தான் இங்கே எழுதுகிறேன்.

சிட்னியின் செவன் ஹில்ஸில் கத்தி தீட்டும் பட்டறை ஒன்றில் பத்தொன்பது வருடம் வேலை செய்தேன். வீட்டுக் கத்திகள் அல்ல. அச்சகங்களில் கடதாசி வெட்டும் அலகுகள், மரம் சீவும் அலகுகள், இறைச்சித் தொழிற்சாலைகளின் வாள்கள் என்று வரும். தீட்டுவது ஆண்கள். என் வேலை வாசலுக்குப் பக்கத்து மேசையில். வருகிற ஒவ்வொரு அலகின் ஓரத்திலும், கையில் பிடித்தால் தேனீ மாதிரி அதிர்கிற ஒரு பேனாவால் வாடிக்கையாளரின் இலக்கத்தைப் பொறிக்கவேண்டும். ஆக, பிறந்த வீட்டிலும் சரி, சம்பளம் வாங்கிய இடத்திலும் சரி, எழுத்து என்றால் எனக்குச் சொந்தக்காரர்தான்.

இரண்டாவது இயந்திரத்தில் நின்றவர் பிலிப்பைன்ஸ்காரர். என்னைவிட ஆறு வயது மூத்தவர். அவர்களுடைய மொழியில் அண்ணனைக் குயா என்பார்களாம். நான் அவரைக் குயா என்று கூப்பிட்டேன், அவர் என்னைத் தங்கச்சி என்று கூப்பிடப் பழகிக்கொண்டார். நாங்கள் பேசியதெல்லாம் அரைகுறை ஆங்கிலத்தில். ஆனால் நினைத்துப் பார்க்கும்போது அவரும் எங்கள் ஊர்த் தமிழே பேசியதுபோலத்தான் எனக்குக் கேட்கிறது, அப்படியே எழுதிவிடுகிறேன். மத்தியானம் அவர் வினாகிரியில் அவித்த கோழி கொண்டுவருவார், நான் மீன்குழம்பு. இரண்டு பேருக்கும் சோறு இல்லாவிட்டால் அது சாப்பாடே இல்லை. சாண்ட்விச்சோடு வந்தவர்களைப் பார்த்து இருவரும் சேர்ந்து பரிதாபப்படுவோம். அந்த மேசையை நினைத்தால் இப்போதும் எனக்குப் பசிக்கிறது.

அவருக்கு ஒரே ஒரு பைத்தியம் இருந்தது. தன்னுடைய நாட்டின் பழைய கத்திகளையும் வாள்களையும் தேடித் திரிவது. சனி, ஞாயிறு சந்தைகளில் துருப்பிடித்த சாமான்களைக் கொட்டிவைத்து விற்பார்களே, அங்கே போவார். பெரும்பாலும் நானும் போவேன். எனக்குச் செடி வாங்கும் சாட்டு. வாங்கிய கத்தியை எங்கள் மெரிலேண்ட்ஸ் வீட்டுப் பின்வளவுக்குக் கொண்டுவருவார். என் மனுசன் தேத்தண்ணி போட்டுத் தந்துவிட்டு, "வந்திட்டினம் ரெண்டு டொக்டர்மாரும், நோயாளி எங்க?" என்று பகிடி பண்ணுவார்.

டொக்டர் வேலைதான். பழைய கத்தியை முதலில் துடைக்கக்கூடாது. பிடிக்குப் பக்கத்தில், அலகு தொடங்குகிற இடத்தில்தான் கொல்லர்கள் அடையாளம் குத்துவார்கள். சிலர் கத்தியின் முதுகில், சிலர் பிடியின் பித்தளை வளையத்தில். டோர்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் துருவுக்குள் ஒரு நட்சத்திரம் தெரியும், அல்லது ஒரு பிறை, அல்லது ஊரின் பெயர். இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு வந்த வெளிநாட்டுச் சிப்பாய்களுக்கு விற்பதற்கென்று செய்த கத்திகளில் ஊர்ப் பெயரைப் பெரிதாக, பூவேலையோடு வெட்டியிருப்பார்கள். "அது கடைக்குச் செய்தது" என்று குயா ஒதுக்கிவிடுவார். உழைத்த கத்திகளில் அடையாளம் அடக்கமாக இருக்கும். தேய்ந்துபோன அடையாளத்துக்கு மருந்து நான் கண்டுபிடித்தேன். புட்டுக்கு வைத்திருந்த அரிசிமாவில் ஒரு சிட்டிகை எடுத்துத் தடவி, விரலால் மெல்லத் துடைத்தால், குழிகளில் மட்டும் வெள்ளை நிற்கும். அதைக் கண்ட அன்று குயா எழும்பி நின்று கைதட்டினார். அதன் பிறகு இரண்டு சந்தைக்கு எனக்குப் பெருமை தாங்கவில்லை.

இவ்வளவு அலைச்சலும் எதற்கு என்று மூன்றாவது வருடம்தான் கேட்டேன். அவருடைய அப்பா ஒரு கொல்லர். இவர் வயிற்றில் ஆறு மாதமாக இருக்கும்போது வேறொரு தீவுக்கு வேலை தேடிப் போனவர் திரும்பவே இல்லை. பிள்ளை பிறந்த செய்தியை அம்மா ஒரு படகுக்காரரிடம் கடிதமாகக் கொடுத்து அனுப்பினார். பதில் வரவில்லை. சில வருடங்களில் அப்பா அங்கேயே இறந்துபோனார் என்று மட்டும் தகவல் வந்தது. படம் இல்லை, கையெழுத்து இல்லை. கொல்லன் வீட்டில் நல்ல கத்தி தங்காது தங்கச்சி, எல்லாம் விற்கிறதுக்குத்தானே என்றார். அப்பா செய்த ஒரு கத்தியாவது உலகத்தில் எங்கேயோ இருக்கும், அதைக் கையில் பிடித்துப் பார்க்கவேண்டும். அவ்வளவுதான். அப்பாவின் அடையாளம் என்னவென்றுகூட அவருக்குத் தெரியாது. அம்மாவும் போனபிறகு, தெரிந்தவர் மூத்த அக்கா ஒருவர்தான். அவரோ, குடும்பத்தை விட்டுப் போன மனிசனைப்பற்றிக் கதைக்கமாட்டேன் என்று ஐம்பது வருடமாக வாயைப் பூட்டிவைத்திருந்தார்.

இப்போது என் அநியாயத்துக்கு வருகிறேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை. கிழவர் ஒருவர், யாரோ இறந்துபோன வீட்டிலிருந்து எடுத்துவந்த சாமான்களைத் தார்ப்பாயில் பரப்பியிருந்தார். மண்வெட்டிக்கும் குறட்டுக்கும் நடுவில் ஒரு நீளக் கத்தி. முனையில் வயிறு விழுந்த, வேலைசெய்து களைத்த கத்தி. பிடி கருப்பு மரம். குயா மூக்குக்கண்ணாடியை வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தார். "ஏதும் இருக்கோ பார் தங்கச்சி" என்று என்னிடம் நீட்டினார். அடியில் இரண்டு எழுத்துகள் தெரிந்தன. அச்சில் அடித்த எழுத்தல்ல. ஆணியால் புள்ளி புள்ளியாய்க் குத்திய எழுத்து. பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்படியே எங்கள் அம்மாவின் சட்டி.

"இது செய்தவற்ற எழுத்தில்ல, குயா. வைச்சிருந்த ஆரோ தன்ர பேரைக் குத்தியிருக்கு. விடுங்கோ."

"என்ன எழுத்து?"

"என்ன எழுத்தா இருந்தா என்ன? வாங்கோ, மீன் கடை பூட்டப்போறான்."

எழுத்து என்னவென்று நான் சொல்லவே இல்லை. அவரும் என் கண்ணை நம்பிக் கத்தியைத் திரும்ப வைத்துவிட்டு வந்துவிட்டார். அன்று வாங்கிய மீன்கூட நல்லதாய் இருக்கவில்லை.

ஆறு மாதம் கழித்து ஒரு திங்கட்கிழமை, குயா சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தார். அக்கா வாய் திறந்துவிட்டாராம். ஆஸ்பத்திரியில் கிடந்து எழும்பி வந்தவர், இனி யாருக்காக ரோசம் என்று நினைத்தாரோ என்னவோ, போனில் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார். அப்பா தன் பெயரைக் குத்துவதில்லை. அம்மாவின் பெயருக்குரிய இரண்டு எழுத்துகளைத்தான் குத்துவார், ஆணியால், புள்ளி புள்ளியாய். அக்கா பிறந்தபோது எழுத்துகளுக்குக் கீழே தனியாக ஒரு புள்ளி சேர்த்தார். நடு அக்கா பிறந்தபோது இன்னொன்று. அப்பா வீட்டைவிட்டுப் போகும்வரை செய்த கத்திகளில் இரண்டு புள்ளி.

குயா அந்த இரண்டு எழுத்துகளையும் சொன்னார். அதில் ஒன்று என் அம்மாவின் முதல் எழுத்து. அந்தச் சந்தைக் கத்தியில் நான் பார்த்ததும் அதே இரண்டு எழுத்துகள்.

சொல்லாமல் மறைத்திருக்கலாம். அரை மணி நேரம் அதைத்தான் நினைத்தேன். பிறகு மேசையை விட்டு எழும்பிப்போய், அவர் இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்று, சந்தையில் நான் விடச்சொன்ன கத்தியைப்பற்றிச் சொன்னேன். அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், திட்டியிருந்தால் ஆறுதலாய் இருந்திருக்கும். இயந்திரத்தை நிறுத்திவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்.

"கீழ எத்தினை புள்ளி இருந்தது, தங்கச்சி?"

எனக்கு நினைவில்லை. எழுத்தே புள்ளியால்தானே குத்தியிருந்தது. கீழே கிடந்தவற்றை அதன் மிச்சமென்று நினைத்திருப்பேன். மூன்று இருந்தால், பிள்ளை பிறந்தது அப்பாவுக்குத் தெரிந்திருக்கிறது. இரண்டென்றால் தெரியாது. அறுபத்திமூன்று வயதில் அந்த மனிதருக்கு இப்போது கத்தி வேண்டியிருக்கவில்லை, அந்த எண்ணிக்கைதான் வேண்டியிருந்தது. அது என் கண்முன்னால் இருந்திருக்கிறது, நான் மீன் வாங்கப் போயிருக்கிறேன். அன்றிரவு என் மனுசனிடம் சொல்லி அழுதேன். அவர்கூட அன்றைக்குப் பகிடி விடவில்லை.

அடுத்த ஞாயிறு தார்ப்பாய்க் கிழவரைத் தேடிப் பிடித்தோம். விற்றுவிட்டார். யாருக்கு? கிழவர் என்னைக் காட்டி, "உன்னைப்போல ஒரு ஆள். மெல்பேர்னிலிருந்து வந்தவன். தேங்காய் பிளக்குமா என்று கேட்டான்" என்றார். தேங்காய் என்றதும் எனக்கு உயிர் வந்தது. மெல்பேர்னிலிருந்து சிட்னிக்கு வந்து, சந்தையில் நின்று, தேங்காய் பிளக்கக் கத்தி வாங்குகிற ஆள் எங்கள் ஆளாகத்தான் இருக்கவேண்டும். தேவாலய வாட்ஸ்அப் குழுவில், நினைவில் இருந்தபடி கத்தியைக் கடதாசியில் கீறிப் படமெடுத்துப் போட்டேன். மெல்பேர்ன் ஆட்களுக்கும் அனுப்பிவிடுங்கோ என்று எழுதினேன். முதலில் வந்ததெல்லாம் நக்கல். ஆரை வெட்டப் போறீங்கள் அக்கா, மனுசன் பத்திரமோ, இப்படியே முப்பது செய்தி. இரண்டு நாள் கழித்து மெல்பேர்ன் நோபல் பார்க்கிலிருந்து ஒரு அன்ரி குரல்பதிவு அனுப்பினார்.

"பிள்ளை, இவர் உப்பிடி ஒண்டு வாங்கிக்கொண்டு வந்தவர். வாழையும் வெட்டுறார், தேங்காயும் உரிக்கிறார். இஞ்ச நீளக் கத்திக்குத் தடை வரப்போகுதாம் எண்டு பொலிசில குடுக்கப்போறன் எண்டு நிக்கிறார்."

உடனே போன் எடுத்தேன். அங்கிள்தான் பேசினார். கரையூர் மனிதர், முன்பு கடலுக்குப் போனவர், குரல் அப்படி.

"ஓம் பிள்ளை, தாறன், அதுக்கென்ன. அடியில எழுத்தோ? எனக்குத் தெரியேல்ல. பிடி ஆடினது, நான் நைலோன் கயிறால அலகின்ர அடி வரைக்கும் இறுக்கிச் சுத்திப்போட்டன். கத்தி ஒரே கறள். நீங்கள் வாறதுக்குள்ள கிரைண்டர் பிடிச்சுப் பளபளவெண்டு ஆக்கி வைக்கிறன்."

"ஐயோ அங்கிள், தொடாதேங்கோ!"

நான் போட்ட சத்தத்தில் என் மகள் அறையிலிருந்து ஓடிவந்து, "What happened?" என்றாள். இரவல் வாங்கிய சட்டியைக்கூட விளக்கிப் பளிச்சென்று ஆக்கித் திருப்பிக் கொடுக்கிற சனம் நாங்கள். துருப்பிடித்த கத்தியை அப்படியே ஒருவர் கையில் கொடுப்பது அங்கிளுக்கு எவ்வளவு வெட்கமாய் இருக்கும் என்று எனக்குத் தெரியாதா? அதனால்தான் எனக்குப் பயம் கூடியது.

சனிக்கிழமை விடியமுன் புறப்பட்டோம். என் மனுசன் கார் ஓட்டினார், குயா முன்னால், நான் பின்னால் புட்டுப் பெட்டியோடும் ஒரு சின்னப் போத்தல் அரிசிமாவோடும். ஆடி மாதம், இந்த நாட்டில் குளிர்காலம். வழிநெடுகப் புல்லில் பனி வெள்ளையாய்க் கிடந்தது. பத்து மணி நேரத்தில் குயா பத்து வசனம் பேசியிருப்பார். இரண்டு என்றாலும் பரவாயில்லை, அப்பா செய்தது அப்பா செய்ததுதானே என்று ஒருமுறை சொன்னார். யாருக்குச் சொன்னார் என்று தெரியவில்லை. நாங்கள் இருவரும் ஓம் ஓம் என்றோம்.

நோபல் பார்க் வீட்டில் முதலில் ரோல்ஸும் தேத்தண்ணியும் சாப்பிட்டே ஆகவேண்டும் என்று அன்ரி கதிரைகளை இழுத்துப்போட்டார். குயா எங்கள் ஆட்களை நன்றாக அறிந்தவர், மறுக்காமல் இரண்டு ரோல்ஸ் சாப்பிட்டார். பிறகு அங்கிள் கத்தியைக் கொண்டுவந்தார். கையில் கொடுக்கவில்லை. கையில் கொடுத்தால் சண்டை வரும் என்று மேசையில் வைத்தார். அலகின் முக்கால்வாசி கண்ணாடி மாதிரி மின்னியது.

"நீங்கள் சொல்லமுந்தியே துவங்கிட்டன் பிள்ளை" என்று அங்கிள் தலையைச் சொறிந்தார். "கயிறு சுத்தின இடத்தில மட்டும் கிரைண்டர் போகேல்ல."

கடல்காரன் கட்டிய கட்டு. முடிச்சை அவிழ்க்க முடியாமல் அங்கிளே கடைசியில் சவர அலகால் அறுத்தார். கயிற்றுக்கு அடியில் துரு பழையபடியே இருந்தது. குயா இந்த முறை கண்ணாடி போட்டிருந்தார், ஆனாலும் கத்தியை என் பக்கம் தள்ளினார். "நீ பார் தங்கச்சி. நான் பாக்கேல்ல." அவர் ஜன்னலுக்கு வெளியே அங்கிளின் வாழை மரங்களைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

மாவைத் தடவினேன். துடைத்தேன். இரண்டு எழுத்துகளும் வெள்ளையாய் எழும்பி வந்தன. கீழே ஒரு புள்ளி. பக்கத்தில் இன்னொரு புள்ளி. அதற்கப்பால் துரு. இன்னும் கொஞ்சம் மா வைத்து, நகத்தால் அல்ல, புறங்கையால் மெல்லத் துடைத்தேன். வரிசையை விட்டுச் சற்று விலகி, சரிந்து, மூன்றாவது புள்ளி நின்றது.

"மூண்டு குயா" என்றேன். "மூண்டு இருக்கு."

அவர் வந்து பார்த்தார். விரலை வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார். அழுவார் என்று நினைத்தேன். அவர் அழவில்லை. அன்ரிதான் அழுதார், முழுக் கதையும் தெரியாமலே.

பத்தொன்பது வருடம் இரும்பில் எழுத்துப் பொறித்தவள் நான். அந்த மூன்றாவது புள்ளியை விட்டுக் கண்ணை எடுக்க முடியவில்லை. கொல்லன் இரும்பு சூடாக இருக்கும்போது குத்தினால் குழியின் விளிம்பு உருண்டு, மெழுகில் குத்தியதுபோல் மழுங்கி இருக்கும். எழுத்துகளும் முதல் இரண்டு புள்ளிகளும் அப்படித்தான் இருந்தன. மூன்றாவதன் விளிம்பு கூர்மையாக, கையில் தட்டுப்படும்படி ஒரு பக்கம் எழும்பி நின்றது. குளிர்ந்த இரும்பில் குத்தியது. கத்தி செய்து முடித்துக் கனகாலத்துக்குப் பிறகு குத்தியது.

"குயா, இது விக்கச் செய்த கத்தியில்ல" என்றேன். "ரெண்டு புள்ளியோட வீட்டில இருந்து கொண்டுபோயிருக்கிறார். செய்தி வந்த பிறகு மூண்டாவதைக் குத்தியிருக்கிறார். அவர் தன்ர கையில வைச்சிருந்த கத்தி. அண்டைக்குச் சந்தையில நான் சொன்னது முழுக்கப் பிழையில்ல, வைச்சிருந்தவற்ற எழுத்துத்தான்."

அவர் என் தலையில் கையை வைத்து ஒருமுறை ஆட்டினார். எனக்கு அப்போதுதான் அழுகை வந்தது. அங்கிள் ஒன்றும் வேண்டாம் என்றார். கத்தியைச் சும்மா வாங்கினால் உறவு அறுந்துவிடும் என்பது அவர்கள் ஊர் வழக்கம் என்று குயா ஒரு நாணயத்தை மேசையில் வைத்தார். பிறகு போனை எடுத்துக்கொண்டு வாழை மரத்தடிக்குப் போய் அக்காவைக் கூப்பிட்டார். ஜன்னல் வழியே பார்த்தேன். திரைக்கு முன்னால் மூன்று விரலை நீட்டிக் காட்டினார்.

இப்போது அந்தப் பட்டறையில் நானும் இல்லை, அவரும் இல்லை. அவர் ஓய்வெடுத்து அக்காவோடு இருக்க ஊருக்குப் போய்விட்டார். கத்தியும் முறையான கடதாசிகளோடு அவருடன் போனது. மெரிலேண்ட்ஸில் சட்டி கழுவும்போது அம்மாவின் எழுத்துகளில் விரல் தட்டுப்பட்டால் எனக்கு அந்தக் கார்ப் பயணம்தான் ஞாபகம் வரும். திரும்பி வரும்போது பெட்ரோல் அடிக்க நிறுத்திய இடத்தில், அக்கா என்ன சொன்னவ என்று நான் கேட்டேன். கேட்டிருக்கக்கூடாதோ என்று உடனே தோன்றியது. குயா சீட் பெல்ட்டைக் கழற்றாமல் முன்னால் பார்த்தபடியே சொன்னார்.

"மூண்டு எண்டு காட்டினன். அப்ப அம்மாட கடிதம் போய்ச் சேர்ந்திருக்கு எண்டு அக்கா சொன்னா."